ராத்திரியில் சைக்கிளை எடுத்த இன்ஜினீயர்... கண்ணெதிரே இறங்கிய பாலம்! இன்றைய மேம்பாலங்களுக்கு வழி காட்டிய யூஜீன் ஃப்ரெசினே யார்?

சென்னையில் மெட்ரோ வேலை நடக்கும் ரோட்டில் போனவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். இரண்டு தூண்களுக்கு மேலே ராட்சத இரும்பு கிரேன் ஒன்று நீட்டிக்கொண்டு நிற்கும். அதில் கான்கிரீட் பெட்டிகள் வரிசையாகத் தொங்கும். கீழே பஸ், ஆட்டோ, பைக் எல்லாம் வழக்கம்போல ஓடும். சில நாள் கழித்துப் பார்த்தால் கிரேன் அடுத்த தூணுக்கு நகர்ந்திருக்கும். தொங்கிக்கொண்டிருந்த பெட்டிகள் பாலமாகி அங்கேயே நிற்கும்.

கீழே ஒரு முட்டுக்கம்பு கிடையாது. பெட்டிகளின் நடுவே சிமென்ட் கலவை ஊற்றி ஒட்டவும் இல்லை. அப்புறம் எப்படி விழாமல் நிற்குது?

இதற்குப் பதில் தேடினால் 100 வருஷத்துக்கும் முன்னால், பிரான்ஸில் ஒரு ஆற்றங்கரைக்குப் போக வேண்டும். தான் கட்டிய பாலம் தன் கண்ணெதிரே மெல்ல மெல்லக் கீழே இறங்குவதைப் பார்த்துத் தூக்கத்தைத் தொலைத்த ஒரு இளம் இன்ஜினீயரின் கதை அது. அவர் பெயர் யூஜீன் ஃப்ரெசினே.

யார் இந்த ஃப்ரெசினே?

1879 ஜூலை 13-ம் தேதி, பிரான்ஸின் கொரேஸ் பகுதியில் உள்ள ஒப்ஜா என்ற ஊரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே குடும்பம் பாரிஸுக்குக் குடிபெயர்ந்தது. ஆனா அவர் மனசு கிராமத்தை விட்டு வரவில்லை. தச்சர், கொல்லர், கொத்தனார் என்று கையால் வேலை செய்கிறவர்களைப் பார்த்து வளர்ந்தவர். குறைந்த பொருளில், எளிமையாக, உறுதியாக ஒன்றைச் செய்வது எப்படி என்பதை அவர்களிடம்தான் கற்றதாகக் கடைசி வரை நம்பினார்.

படிப்பு மட்டும் உச்சத்தில். பிரான்ஸின் புகழ்பெற்ற எகோல் பாலிடெக்னிக், அதற்குப் பிறகு சாலை மற்றும் பாலப் பொறியாளர்களை உருவாக்கும் அரசுப் பள்ளி. அங்கே சார்லஸ் ரபூ என்ற ஆசிரியரின் வகுப்புகள்தான் அவருக்குக் கான்கிரீட் மேல் பைத்தியத்தை உண்டாக்கின. கான்கிரீட்டை முன்கூட்டியே அழுத்தி வைத்தால் என்ன என்ற யோசனை மாணவனாக இருந்தபோதே அவருக்கு வந்துவிட்டது. அதை நிறைவேற்ற 25 வருஷம் ஆகப்போகிறது என்று அப்போது தெரியாது.

1905-ல் மூலான் என்ற ஊரில் அரசு இன்ஜினீயராக வேலைக்குச் சேர்ந்தார்.

ஒரு பாலத்தின் விலைக்கு 3 பாலம்!

மூலான் பக்கம் ஓடும் ஆறு அல்லியே. அதில் லு வேர்த்ர, பூத்திரோன், ஷாத்தெல் த நேவ்ர் என்ற 3 இடங்களில் புதிய பாலங்கள் தேவைப்பட்டன. வழக்கமான கல் பாலம் கட்டப் பெரிய தொகை மதிப்பீடு போடப்பட்டிருந்தது.

அந்த நேரத்தில் ஃப்ரெசினேவின் கான்கிரீட் வடிவமைப்பைப் பார்த்தார் பிரான்சுவா மெர்சியே என்ற உள்ளூர் கான்ட்ராக்டர். அசந்துபோனார். ஒரு கல் பாலத்துக்கு ஆகும் செலவில் 3 கான்கிரீட் பாலங்களையும் தானே கட்டித் தருவதாக முன்வந்தார். ஒரே நிபந்தனை, வடிவமைப்பும் மேற்பார்வையும் ஃப்ரெசினேதான்.

அரசு ஒப்புக்கொண்டது. 30 வயதுகூட ஆகாத ஒருத்தர் கையில் 3 பாலம்.

முதலில் 50 மீட்டர் நீளத்துக்குச் சோதனைக்காக ஒரு வளைவைக் கட்டினார்கள். அடுத்து லு வேர்த்ர பாலம். 3 வளைவுகள். நடு வளைவு மட்டும் 72 மீட்டருக்கு மேல். வளைவின் உயரம் ரொம்பக் குறைவு. அவ்வளவு தட்டையாக, அவ்வளவு மெலிசாக அந்தக் காலத்தில் கட்டுவது பெரிய துணிச்சல்.

இந்தப் பாலத்தில் அவர் ஒரு புது உத்தியைக் கையாண்டார். சாதாரணமாக, வளைவு காய்ந்ததும் கீழே உள்ள மரச் சென்ட்ரிங்கைத்தான் இறக்குவார்கள். இவர் மாற்றிச் செய்தார். வளைவின் உச்சியில் சின்ன இடைவெளி விட்டு, அதில் ஜாக்கிகளை வைத்து இரண்டு பாதிகளையும் எதிரெதிராகத் தள்ளினார். வளைவு தானாகவே சென்ட்ரிங்கை விட்டு மேலே எழும்பியது. வேலை முடிந்ததும் ஜாக்கிகளை எடுத்துவிட்டார். ஆனா, வைத்த இடத்தை அடைத்துவிடவில்லை. எப்போதாவது தேவைப்படலாம் என்று அப்படியே விட்டுவைத்தார்.

அந்த முன்யோசனைதான் பாலத்தைக் காப்பாற்றியது.

பாலம் இறங்குது!

1911. பாலம் திறந்து சில மாதங்கள். பாலத்தின் மேலே ஓடும் கைப்பிடியின் கோடு நேராக இல்லை என்பதை ஃப்ரெசினே கவனித்தார். அளந்து பார்த்தார். வளைவுகளின் உச்சி கீழே இறங்கியிருந்தது. மறுபடி அளந்தார். இன்னும் இறங்கியிருந்தது. நிற்கவே இல்லை. கடைசியில் இறக்கம் 13 சென்டிமீட்டர் வரை போனது.

தட்டையான வளைவில் இது எமன். வளைவு எவ்வளவு தட்டையாகிறதோ அவ்வளவு அழுத்தம் கூடும். அழுத்தம் கூடக் கூட இன்னும் இறங்கும். ஒரு கட்டத்தில் மொத்தமாக ஆற்றில் விழும். மேலே வண்டிகள் போய்க்கொண்டிருக்கின்றன.

பிறகு நடந்ததைப் பின்னாளில் ஃப்ரெசினேவே சொல்லியிருக்கிறார். ராத்திரியோடு ராத்திரியாக சைக்கிளை எடுத்துக்கொண்டு லு வேர்த்ர கிளம்பினார். நம்பிக்கையான 4 பேரை எழுப்பினார். 5 பேருமாகச் சேர்ந்து, விட்டுவைத்த அந்த இடைவெளிகளில் ஜாக்கிகளை மறுபடியும் பொருத்தினார்கள். அளவுகோலைப் படிக்கிற அளவுக்கு வெளிச்சம் வந்ததும் 3 வளைவுகளையும் ஒரே நேரத்தில் மேலே தூக்க ஆரம்பித்தார்கள்.

அன்றைக்குப் பார்த்துச் சந்தை நாள். சில நிமிஷத்துக்கு ஒரு தடவை வண்டிகள் வரும். வேலையை நிறுத்தி, வண்டியைப் போகவிட்டு, மறுபடி தூக்குவார்கள். பாலம் சாகக் கிடந்தது என்பது அதன் மேல் போன யாருக்கும் தெரியாது.

வளைவுகள் பழைய உயரத்துக்கு வந்தன. உச்சியில் இருந்த இடைவெளியைக் கான்கிரீட்டால் அடைத்தார். அதன் பிறகு பாலம் அசையவில்லை. 1940-ல் போரில் தகர்க்கப்படும் வரை உறுதியாக நின்றது. அதே குடும்பத்தைச் சேர்ந்த பூத்திரோன் பாலம் இன்றைக்கும் இருக்கிறது.

ஏன் இறங்கியது? புத்தகத்தில் இல்லாத உண்மை

கணக்கில் தப்பு இல்லை. கட்டுமானத்தில் தப்பு இல்லை. அப்புறம் ஏன்?

பாரம் ஏறியதும் கான்கிரீட் கொஞ்சம் சுருங்கும், அதோடு நின்றுவிடும் என்பதுதான் அந்தக் காலத்து விதி. ஆனா உண்மையில் கான்கிரீட் நிற்பதில்லை. பாரம் மேலே இருக்கிற வரை மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்ல மெல்லச் சுருங்கிக்கொண்டே இருக்கும். இதற்கு இன்றைக்கு இன்ஜினீயரிங்கில் 'கிரீப்' என்று பெயர். புத்தகம் நிறைய அடுக்கிய மரப் பலகை, வருஷம் போகப் போக நடுவில் தொய்ந்துபோகிறது இல்லையா, கிட்டத்தட்ட அது மாதிரி.

லு வேர்த்ர கொடுத்த பயம் ஃப்ரெசினேவை விடவில்லை. 1920-களில், ப்ரெஸ்ட் நகரத்துக்குப் பக்கத்தில் ப்ளுகாஸ்டெல் பாலத்தைக் கட்டும்போது இந்தச் சுருக்கத்தை வருஷக்கணக்கில் அளந்து பார்த்தார். 1930-ல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தில் ஒவ்வொரு வளைவும் சுமார் 180 மீட்டர். அன்றைக்குக் கான்கிரீட் பாலங்களில் அது உலக சாதனை. அதைவிடப் பெரிய சாதனை, அவர் கையில் இருந்த அளவுக் குறிப்புகள்தான்.

நடுவில் இன்னொரு அதிசயமும் கட்டினார். பாரிஸ் பக்கத்தில் ஓர்லியில், ஏர்ஷிப் எனப்படும் ஆகாயக் கப்பல்களை நிறுத்த 2 பிரம்மாண்ட கொட்டகைகள். உயரம் சுமார் 60 மீட்டர். மெலிசான கான்கிரீட்டை மடித்து மடித்துச் செய்த கூடு. 1944-ல் குண்டுவீச்சில் அவை அழிந்தன.

கான்கிரீட்டை ஏன் இறுக்க வேண்டும்?

ஒரு சின்னச் சோதனை. 4 செங்கல்லை ஒட்டினாற்போல வரிசையாக வையுங்கள். இரண்டு முனையிலும் உள்ளங்கையால் நன்றாக அழுத்தி, அப்படியே தூக்குங்கள். நடுவில் இருக்கும் செங்கல்லை யாரும் பிடிக்கவில்லை. ஆனாலும் விழாது. அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள், எல்லாம் கொட்டிவிடும்.

இதுதான் 'பிரிஸ்ட்ரெஸ்ட் கான்கிரீட்'. நம் ஊர் மாட்டு வண்டிச் சக்கரத்திலும் இதே தந்திரம் உண்டு. இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி மரச் சக்கரத்தின் மேல் மாட்டுவார்கள். ஆறும்போது பட்டை சுருங்கி, மரத் துண்டுகளை இறுக்கிப் பிடிக்கும்.

கான்கிரீட் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். இழுத்தால் சுலபமாக விரிசல் விடும். பாரம் ஏறினால் பாலத்தின் அடிப்பகுதி இழுபடும். அதனால் முன்கூட்டியே அந்த இடத்தை இறுக்கி வைத்துவிட்டால், பாரம் வரும்போது இறுக்கம்தான் குறையும். விரிசல் வராது.

இந்த யோசனை ஃப்ரெசினேவுக்கு மட்டும் வந்தது இல்லை. 1880-களிலேயே அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் பேட்டன்ட் எடுத்திருந்தார்கள். ஆனா நடைமுறையில் எல்லாம் தோற்றன. கட்டும்போது இறுக்கமாக இருக்கும், சில மாதத்தில் தளர்ந்துவிடும். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை.

ஃப்ரெசினேவுக்குப் புரிந்தது. கணக்கு ரொம்ப எளிது. சாதாரண இரும்புக் கம்பியைப் பாதுகாப்பாக இழுத்தால் ஒரு மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் அளவில்தான் நீளும். கான்கிரீட்டோ காலப்போக்கில் கிட்டத்தட்ட அதே அளவு சுருங்கிவிடும். அப்புறம் இறுக்கம் எங்கே மிஞ்சும்? அதே இடத்தில் பல மடங்கு வலுவான எஃகுக் கம்பியைப் போட்டு, ஒரு மீட்டருக்கு 5 மில்லிமீட்டர் நீளும்படி இழுத்தால்? கான்கிரீட் சுருங்கி, இழுவையில் கொஞ்சம் போனாலும் பெரும்பகுதி அப்படியே இருக்கும்.

தரமான கான்கிரீட், மிக வலுவான எஃகு, மிக அதிக இழுவை. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் நிற்கும். லு வேர்த்ரவில் கிடைத்த அதிர்ச்சி இல்லாமல் இந்தக் கணக்கு அவருக்குக் கிடைத்திருக்காது.

1928 அக்டோபரில் ழான் செயாய் என்பவருடன் சேர்ந்து பேட்டன்ட் எடுத்தார்.

50 வயதில் எல்லாவற்றையும் பந்தயம் வைத்தார்

அப்போது ஃப்ரெசினே ஒரு பெரிய கட்டுமான நிறுவனத்தில் வெற்றிகரமான பார்ட்னர். கை நிறைய வேலை. ஊரெல்லாம் பெயர். அந்த நிறுவனம் அவருடைய புது யோசனையில் பணம் போடத் தயாராக இல்லை. விட்டுவிட்டு வெளியே வந்தார்.

மோன்தார்ஜி என்ற ஊரில், தன் சேமிப்பைப் போட்டு மின்கம்பம் செய்யும் தொழிற்சாலை தொடங்கினார். பிரிஸ்ட்ரெஸ் முறையில் மெலிசான, உள்ளே கூடான கான்கிரீட் கம்பங்கள். வேலை நடக்கிறது என்பதை நிரூபித்தார். ஆனா வியாபாரம் நடக்கவில்லை. உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்தது. கம்பம் வாங்க ஆள் இல்லை. 1930-களின் தொடக்கத்தில் சேமிப்பெல்லாம் கரைந்து, 50 வயதைத் தாண்டிய அவர் கிட்டத்தட்ட பூஜ்யத்தில் நின்றார்.

அந்த நேரத்தில்தான் லே ஹாவ்ர் துறைமுகத்திலிருந்து அழைப்பு வந்தது. அட்லாண்டிக் கடக்கும் பெரிய கப்பல்களுக்காகக் கட்டிய புதிய பயணிகள் முனையம் சேற்றுமண்ணில் புதைந்துகொண்டிருந்தது. மற்ற வழிகள் கைவிட்ட நிலை.

1911-ல் இறங்கும் பாலத்தைப் பார்த்த அதே மனுஷன், 1934-ல் இறங்கும் கட்டடத்தின் முன்னால் நின்றார். தனித்தனியாக இருந்த அடித்தளங்களைப் பிரிஸ்ட்ரெஸ் முறையில் இறுக்கி ஒன்றாகப் பிணைத்தார். கட்டடத்தின் எடையையே எதிர்ப்பாக வைத்து, புதிய கான்கிரீட் தூண்களைத் துண்டு துண்டாக வார்த்து, ஜாக்கியால் ஆழத்துக்கு இறக்கினார். கட்டடம் நின்றது.

இதை நேரில் வந்து பார்த்தவர்களில் ஒருவர் எட்ம் கம்பெனோன். பெரிய கான்ட்ராக்டர். இனி பணத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்ற நிலைக்கு அவர் வந்தார். ஃப்ரெசினேவின் இரண்டாவது வாழ்க்கை தொடங்கியது.

1939-ல் அடுத்த பேட்டன்ட். 12 எஃகுக் கம்பிகளை ஒரே ஜாக்கியால் இழுத்து, கூம்பு வடிவ ஆப்பு அடித்து இறுக்கிப் பூட்டும் முறை. எந்த சைட்டிலும், எந்த மேஸ்திரியும் பயன்படுத்தலாம் என்ற அளவுக்கு எளிமையான கருவி.

துண்டு துண்டாகச் செய்து கோர்த்த பாலம்

மார்ன் ஆற்றில் லுசான்சி என்ற ஊர். 55 மீட்டர் நீளப் பாலம். 1941-ல் வேலை தொடங்கியது. போரும் ஆக்கிரமிப்பும் குறுக்கே வந்து 1946-ல்தான் முடிந்தது.

இங்கே ஆற்றுக்குள் சென்ட்ரிங் அடிக்கவில்லை. பாலத்தைப் பெட்டி பெட்டியாகத் தனியாக வார்த்தார்கள். கரையில் வைத்துக் கோர்த்து இறுக்கினார்கள். கம்பி வடங்களில் தொங்கவிட்டு ஆற்றின் மேல் கொண்டுபோய்ப் பொருத்தினார்கள். நம் 4 செங்கல் சோதனையின் நிஜ வடிவம்!

போரில் மார்ன் ஆற்றுப் பாலங்கள் நிறைய உடைந்து கிடந்தன. எஸ்ப்ளி, ஆனே, உஸ்ஸி என்று 5 இடங்களில் 74 மீட்டர் நீளத்தில் ஒரே மாதிரிப் பாலங்கள் கட்ட முடிவானது. ஒரே அச்சு, ஒரே பட்டறை. அங்கே வார்த்த துண்டுகள் 5 பாலத்துக்கும் போயின. பாலம் என்பது தொழிற்சாலையில் செய்து, சைட்டில் கோர்க்கிற பொருளாக மாறியது.

ஒரு பிரச்னை மட்டும் மிச்சம். துண்டுகளின் நடுவே கலவை வைத்து அடைக்க வேண்டியிருந்தது. அது காய நேரம் ஆகும்.

அதைத் தீர்த்தவர், ஃப்ரெசினேவின் குழுவில் தொழில் பழகிய ழான் முல்லர். ஒரு துண்டை வார்த்ததும், அதன் முகத்தையே அச்சாக வைத்து அடுத்த துண்டை வார்ப்பது அவருடைய வழி. அப்போது இரண்டும் பல்லும் பல்லும் சேர்வதுபோல அச்சு அசலாகப் பொருந்தும். நடுவில் மெல்லிய எபாக்ஸி பசை போதும். பாரிஸ் அருகே, சென் நதியில் ஷுவாசி லே ருவா பாலத்தில் இந்த முறை பயன்பட்டது. வேலை தொடங்கிய ஆண்டு 1962.

அதே 1962 ஜூன் 8-ம் தேதி, தன் 82-வது வயதில் ஃப்ரெசினே காலமானார்.

இன்றைக்கு ஒரு இன்டர்சேஞ்ச் எப்படிக் கட்டுகிறார்கள்?

கத்திப்பாராவைப் போல, பல ரோடுகள் மேலும் கீழுமாகப் பிரிந்து சேரும் சந்திப்புக்கு இன்டர்சேஞ்ச் என்று பெயர். இப்படிப்பட்ட இடத்தில் பெரிய தலைவலி டிராஃபிக். பல மாதம் ரோட்டை மூடி சென்ட்ரிங் அடிக்க முடியாது. அதனால்தான் ப்ரீகாஸ்ட் செக்மென்ட் முறை.

1. ஊருக்கு வெளியே உள்ள யார்டில் துண்டுகளை வார்ப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். இடம் மாற்றி வைக்க முடியாது. வளைவான ரோடு என்றால் ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டிலிருந்து துளி கோணம் மாறும். அச்சில் ஒரு மில்லிமீட்டர் தப்பினால், கடைசித் துண்டில் அது சென்டிமீட்டர் கணக்கில் நிற்கும்.

2. டிராஃபிக் குறைந்த நேரத்தில், பெரும்பாலும் ராத்திரியில், டிரெய்லரில் கொண்டுவருவார்கள்.

3. இரண்டு தூண்களுக்கு இடையே கிரேனில் எல்லாத் துண்டுகளையும் தொங்கவிட்டுச் சேர்ப்பது ஒரு வழி. தூணிலிருந்து இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று தராசு மாதிரி சமமாக நீட்டிக்கொண்டே போவது இன்னொரு வழி. நீளமான, வளைவான பாலங்களுக்கு இரண்டாவது வழி வசதி.

4. முகத்தில் பசை தடவி, துண்டுகளை நெருக்கிச் சேர்ப்பார்கள். குழாய்கள் வழியாக எஃகு வடங்களைச் செருகி, ஜாக்கியால் இழுத்து, ஆப்பு வைத்துப் பூட்டுவார்கள். கிரேன் விட்டுவிடும். பாலம் தானே நிற்கும்.

பாங்காக்கில் 2000-ல் திறக்கப்பட்ட, சுமார் 54 கி.மீ நீளமுள்ள பாங் நா எக்ஸ்பிரஸ்வே இப்படித்தான் எழும்பியது. வடிவமைத்தது முல்லரின் நிறுவனம்.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. 1950-களில் செங்கல்பட்டு அருகே பாலாற்றின் மேல் கட்டப்பட்ட சாலைப் பாலம், இந்தியாவின் ஆரம்பகால பிரிஸ்ட்ரெஸ்ட் கான்கிரீட் பாலங்களில் ஒன்று. 1988-ல் திறந்த பாம்பன் சாலைப் பாலமும் இதே வகைதான்.

ஆனா அந்தப் பயம் இன்னும் போகவில்லை!

கிரீப் என்ற குணம் கான்கிரீட்டை விட்டுப் போகாது. பசிபிக் தீவு நாடான பலாவில், 240 மீட்டர் இடைவெளியைத் தாண்டும் ஒரு பிரிஸ்ட்ரெஸ்ட் பாலம் 1977-ல் கட்டப்பட்டது. வருஷம் போகப் போக அதன் நடுப்பகுதி ஒரு மீட்டருக்கு மேல் இறங்கியது. பழுது பார்த்தார்கள். சில மாதத்திலேயே, 1996 செப்டம்பரில், பாலம் இடிந்து விழுந்தது. 2 பேர் உயிரிழந்தார்கள். கிரீப் எவ்வளவு இருக்கும் என்று போட்ட கணக்கைவிட நிஜம் ரொம்ப அதிகமாக இருந்தது பின்னர் ஆய்வுகளில் தெரியவந்தது.

அதனால்தான் இன்றைக்கும் பாலம் கட்டும்போது, பின்னால் இறங்கப்போகும் அளவைக் கணக்குப் போட்டு, முன்கூட்டியே கொஞ்சம் மேலே தூக்கிக் கட்டுகிறார்கள். திறப்பு விழா முடிந்த பிறகும் வருஷத்துக்கு வருஷம் மட்டம் பார்க்க வேண்டும். எதிர்காலத்தில் கூடுதல் வடம் போட வேண்டி வந்தால் செருகுவதற்கு இடம் விட்டுவைக்கும் வழக்கமும் பல பாலங்களில் உண்டு.

லு வேர்த்ரவில் ஜாக்கி வைத்த இடத்தை அடைக்காமல் விட்டாரே ஃப்ரெசினே, அதே யோசனைதான் இதுவும்.